கீழ் ரூம்ல மருந்து இருக்கு

அய்யய்யோ, அந்தக் கதவு இல்ல மீரான், கைப்பிடியை விட்டுடுங்க. உங்க ரூம் மாடியில. இல்லல்ல, நாய் கீய்யெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள மருந்து இருக்கு, அவ்ளோதான். வாங்க, இப்படி வந்து உக்காருங்க. பெட்டியை அப்புறம் மேல ஏத்திக்கலாம். ஹ்யூஸ்டன்லேர்ந்து ஒரே மூச்சா ஓட்டிட்டு வந்திருக்கீங்க. டீ போட்டு வெச்சிருக்கேன்.

யாருக்கு ஒடம்பு சரியில்லையா? யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. இது அந்த மருந்து இல்ல. இப்படித்தான் கோயமுத்தூர்ல இருக்கிற என் நாத்தனார்கிட்ட, உங்க அண்ணன் வீடு பூரா மருந்து வாங்கி அடுக்கறாருன்னு ஃபோன்ல பொலம்பிட்டேன். அவங்க ஓன்னு அழுதுட்டாங்க. சுகரா, கிட்னியா, எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காதீங்க அண்ணின்னு. இல்லம்மா, வெடிமருந்துன்னேன். மூக்கைச் சிந்திக்கிட்டாங்க. அப்புறம், அப்பாடா, நான் பயந்தே போய்ட்டேன்னாங்க. சுகருக்கு வெடிமருந்து தேவலையாம். அந்தக் குடும்பமே அப்படித்தான்.

ஆமா, நெஜமாத்தான் சொல்றேன். தோட்டாக்குள்ள போடுவாங்களே, அது. ஸ்மோக்லெஸ் பவுடர்னு பேரு. புகையே வராதாம். வராதுதான், வர்ற புகையெல்லாம் என் காதுலேர்ந்துல்ல வருது. எழுந்திருக்காதீங்க, டீ ஆறிடும். உங்களுக்கு இந்த ரூமைச் சொன்ன யாமினி இதைச் சொல்லலையா? சொல்ல மாட்டா. ஏன்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. ஆனா நான் சொல்லாம விட்டா தப்பு. ஒரே கூரைக்குக் கீழ இருக்கப் போறீங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்புறம் பெட்டியை மேல ஏத்தறதா, திரும்ப டிக்கில போடறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க வீட்டுக்காரரை நீங்க பாத்ததில்ல இல்ல? வெங்கடாசலம். ரொம்ப சாது. டேட்டாபேஸ் ஆளு. புரசைவாக்கத்துல தீவாளின்னா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருப்பாரு. தலைதீவாளிக்கு எங்க வீட்ல ஊசிப்பட்டாசு சரத்தைக் கையில குடுத்தாங்க. நீட்டமான ஊதுபத்தி கேட்டாரு. இருந்ததுலயே பெரிய ஊதுபத்தியைக் குடுத்தா, அதைக் கொண்டு போய் ஒரு ஒட்டடைக் கம்பு நுனியில கட்டிட்டு வந்தாரு. எங்கப்பா அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னாராம், பையன் தங்கம், நம்ம பொண்ணுக்கு ஒரு ஆபத்தும் வராதுன்னு.

அந்த மனுஷன்தான்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, பக்கத்துத் தெருவுல ஒரு தெலுங்குக்காரங்க வீட்ல திருட்டு. கோயிலுக்குப் போயிருந்த நேரம் பாத்து பின்கதவை ஒடச்சு நகையைத் தூக்கிட்டான். நம்ம ஆளுங்க வீடுன்னா தங்கம் இருக்கும்னு இங்க திருடனுக்குக்கூடத் தெரியும். எங்க வீட்ல என்ன இருக்கு? நகையெல்லாம் பாங்க் லாக்கர்ல. வீட்ல இருக்கறது ரெண்டு கிரைண்டரும் ஒரு ட்ரெட்மில்லும். ட்ரெட்மில்லை எவனாவது தூக்கிட்டுப் போனா நானே கதவைத் திறந்து விடுவேன். ஆனா இவருக்குத் தூக்கம் போச்சு. ஒரு துப்பாக்கி வாங்கினாரு. டெக்ஸஸ்ல அது என்ன பெரிய விஷயம், கறிவேப்பிலைச் செடி கெடைக்கறதுதான் கஷ்டம்.

சரி, வாங்கினாரு, பெட்டியில வெச்சுப் பூட்டினாரு, போகட்டும்னு இருந்தேன். அந்த நேரம் பாத்து கடையில தோட்டா இல்ல. கோவிட் டைம். டாய்லெட் பேப்பர் இல்லாத மாதிரியே தோட்டாவும் இல்ல. அங்கதான் அந்தக் குமாரசாமி வந்தாரு. யாமினியோட வீட்டுக்காரரு. அவரு சொல்றாரு, கடையில ஏன் வாங்கறீங்க வெங்கட், நாமளே போட்டுக்கலாம்னு. என்னது அதுன்னா, சுட்டு முடிச்சதும் பித்தளைக் கூடு கீழ விழும் இல்ல, அதைப் பொறுக்கிட்டு வந்து, கழுவித் தொடச்சு, மறுபடி உள்ள மருந்தைப் போட்டு, முனையைச் சொருகி, ஒரு மெஷின்ல வெச்சு அழுத்தினா புதுத் தோட்டா. ரீலோடிங். வெள்ளைக்காரன் அதை ஹாபின்னு பண்றான். நம்ம ஆளுங்களுக்கு அது ரத்தத்துல இருக்கு. தயிர் டப்பாவைக் கழுவிக் கவுத்து வெக்கறவங்கதானே நாம. சல்சா பாட்டில்ல பருப்பு, ஐஸ்க்ரீம் டப்பாவுல சாம்பார். பித்தளையைத் தூக்கிப் போட மனசு வருமா? சுட்டுப் பழகற ரேஞ்சுல மத்தவங்க விட்டுட்டுப் போன கூட்டைக்கூட இவரு குனிஞ்சு பொறுக்கிட்டு வருவாரு. டிஷ்வாஷர்ல போடப் பாத்தாரு. அன்னிக்கு வீட்ல பெரிய சண்டை.

அதோட நின்னிருந்தாலும் பரவால்ல. மருந்து ஆன்லைன்லதான் வாங்கணும், அதுக்கு ஹாஸ்மாட் ஃபீன்னு ஒண்ணு போடறான். ஆபத்தான சரக்கு இல்ல, அதுக்குத் தனியா ஒரு சார்ஜ். ஒரு டப்பா வாங்கினாலும் அதேதான், பெட்டி நெறைய வாங்கினாலும் அதேதான். போதாதா? இதைக் கேட்டுட்டு ஒரு தமிழன் ஒரு டப்பா வாங்குவானா, நீங்களே சொல்லுங்க. குமாரசாமி வாட்ஸாப்புல ஒரு குரூப் ஆரம்பிச்சாரு. பேரு கேக்கறீங்களா? நம்ம ஊர்ப் பேரைச் சேத்து, காப்பெல் சிவகாசி. அஞ்சாறு பேரு. ஒருத்தரு டீம் லீடு, ஒருத்தரு டென்டிஸ்ட்டு. எல்லாரும் சேந்து ஒரே ஆர்டர். அரிசி மூட்டைக்குப் பங்கு போடற மாதிரி. டெலிவரிக்குப் பெரியவங்க கையெழுத்துப் போடணும், வெங்கட் ஒர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்காரு, அவரு வீட்டுக்கே வரட்டும், நாங்க சனிக்கிழமை வந்து எடுத்துக்கறோம்னாங்க.

சனிக்கிழமை யாரு வந்தா? ஒருத்தரும் வரல. அவங்கவங்க வீட்ல பொண்டாட்டி சொல்லிட்டாங்க, அது உள்ள வந்தா நான் வெளிய போய்டுவேன்னு. கெட்டிக்காரிங்க. நான் ஒருத்திதான் அந்த டயலாகைச் சொல்ல மறந்துட்டேன். சொல்லணும்னே தோணல, என்ன பண்றது. டெலிவரி வந்த அன்னிக்கு இவருகிட்ட பெட்டியைக் காட்டி, என்னங்க இது, ஓட்ஸான்னு கேட்டேன்.

இருங்க, முறுக்கு எடுத்துக்குங்க. வீட்ல பண்ணது.

மொதல்ல கராஜ்ல வெச்சாரு. டெக்ஸஸ் கராஜ், ஜூலை மாசம், உங்களுக்குத் தெரியாததா, அப்பளம் பொரிக்கலாம். மருந்துக்குச் சூடு ஆகாதாம். கெட்டுப் போய்டும். ஈரமும் ஆகாது. இரும்பு பீரோல பூட்டறதும் கூடாது, எப்பவாவது பத்திக்கிட்டா, எரியறதுக்கு எடம் இல்லாம அப்பத்தான் வெடிக்குமாம். மரப்பெட்டிதான் சரி. நம்ம ஊர் விதிப்படி இத்தனை பவுண்டு வரைக்கும் சும்மா வெக்கலாம், மேல போனா ஒரு இஞ்ச் கனத்துல மரப்பெட்டி வேணும்னு எல்லாத்தையும் படிச்சு வெச்சிருக்காரு. அந்த விஷயத்துல குத்தம் சொல்லவே முடியாது. இன்கம் டாக்ஸை எப்படிப் பண்ணுவாரோ அப்படி. ஓக் கலர்ல ரெண்டு கதவு வெச்சு அவரே ஒரு பெட்டி செஞ்சாரு. பித்தளைக் குமிழ். செய்யச் செய்ய நான் பாத்துட்டே இருந்தேன். எனக்கு ஒரு சாமி அலமாரி செஞ்சு குடுங்கன்னு கேட்டு கேட்டு ஓஞ்சு போனவ நானு.

அந்தப் பெட்டி கீழ் கெஸ்ட் ரூமுக்குப் போச்சு. வடக்குப் பாத்த ரூம், வெயில் படாது. அந்த ரூம் எப்பவும் குளுகுளுன்னு இருக்கணும்னு ஏசி. கரண்ட் போனா? ஐஸ் ஸ்டார்ம் வந்தப்போ இங்க நாலு நாள் கரண்ட் இல்லாம செத்தோமே. அதனால ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வேணுமா? அது கராஜ்ல. ஆக திருடனுக்குப் பயந்து துப்பாக்கி, துப்பாக்கிக்குத் தோட்டா, தோட்டாவுக்கு மருந்து, மருந்துக்கு ஏசி, ஏசிக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல். இப்ப திருடன் வந்தான்னு வெச்சுக்குங்க, கராஜைத் திறந்து பாத்துட்டு அவனே போலீசுக்கு ஃபோன் பண்ணுவான்.

ஞாயித்துக்கிழமை காலையில ஒவ்வொரு மூடியாத் திறந்து மோந்து பாப்பாரு. கெட்டுப் போனா புளிச்ச வாடை வருமாம். கண்ணை மூடிக்கிட்டு, மெதுவா. நானும் இத்தனை வருஷமா தலைக்குப் பூ வெக்கறேன், சென்ட்டு போடறேன்.

விடுங்க. யாமினி கதைக்கு வர்றேன்.

போன நவராத்திரி. ஹால்ல கொலு. முப்பது பேரு வந்திருப்பாங்க, எல்லாரும் பட்டுப்புடவை. யாமினி புடவை மடிப்பு கலைஞ்சு போச்சுன்னு சரிபண்ண கெஸ்ட் ரூமுக்குள்ள போயிருக்கா. இவரு அன்னிக்கு எப்படியோ பூட்ட மறந்துட்டாரு. உள்ள போனா, ஓக் கலர்ல அலமாரி, ரெண்டு கதவு, பித்தளைக் குமிழ். ரூம் வேற சில்லுன்னு, கருவறை மாதிரி. மருந்து கராஜ்ல இருக்குன்னுதான் அவளுக்குத் தெரியும், இதைப் பாத்து என்ன நெனப்பா? வான்மதி அக்கா தனியா பூஜை ரூமே வெச்சிருக்காங்க, விளக்குகூட இல்லாம இருட்டா கெடக்கேன்னு, பாவம் நல்ல மனசு, வெளிய வந்து கொலுவுலேர்ந்து ரெண்டு ஊதுபத்தியை உருவிட்டுப் போய் அந்தக் கதவு இடுக்குல சொருகிட்டா. சொருகிட்டு, குங்குமத்தை எடுத்துக் கதவுல ஒரு பொட்டு. கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்றா, அக்கா, உங்க பூஜை ரூம்ல ஒரு வைப்ரேஷன் இருக்குன்னு.

சிரிக்கறீங்க. என்னங்கன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க. அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினாரு. அந்த ரெண்டு ஊதுபத்தியையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு, எல்லாரும் வெளிய போங்க, எல்லாரும் வெளிய போங்கன்னு கத்திக்கிட்டே ஸ்விம்மிங் பூலை நோக்கி ஓடறாரு. யாருக்கும் ஒண்ணும் புரியல. குமாரசாமிக்கு மட்டும் புரிஞ்சுது. சொந்தப் பொண்டாட்டியை விட்டுட்டு அவருதான் மொதல்ல ரோட்டுக்குப் போனாரு. போய் நயன் ஒன் ஒன்னைக் கூப்பிட்டாரு.

ஃபயர் இன்ஜின் வந்துச்சு. முப்பது பேரு லான்ல சுண்டல் கிண்ணத்தோட நிக்கறாங்க. எதிர்வீட்டு வெள்ளைக்காரம்மா ஏதோ ஃபெஸ்டிவல்னு நெனச்சுக் கை தட்டுச்சு. ஆறடி உயரத்துல ஒரு ஃபயர்மேன் உள்ள போனாரு. நான் நெனச்சேன், இன்னியோட விடிவு காலம், எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகப் போறாங்கன்னு. அரை மணி நேரமா வெளிய வரல. எட்டிப் பாத்தா, இவரும் அவரும் தரையில உக்காந்து பேசிட்டு இருக்காங்க. அவரும் ரீலோடராம்! என்ன ப்ராண்டு, எங்க வாங்கின, இந்தப் பெட்டி நீயே செஞ்சதா, ப்யூட்டிஃபுல், எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடேன். அளவு கொஞ்சம் ஜாஸ்தி இருக்கு, எங்க துப்பாக்கி க்ளப்புல வாங்கிப்பாங்க, கொறைச்சுக்கன்னு மெதுவா சொன்னாரு. அப்புறம் ஹாலுக்கு வந்து என் கொலுப்படியைப் பாத்தாரு. குத்துவிளக்கு அஞ்சு முகமும் எரியுது. கற்பூரம் ஒரு டப்பா பக்கத்துல. மூஞ்சி மாறிடுச்சு. மேடம், திஸ் இஸ் அ ஃபயர் ஹசார்டுன்னு எனக்கு வார்னிங் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. எனக்கு!

அதுக்கப்புறம் யாமினி இந்த வீட்டுக்கே வர்றதில்ல. வெக்கம். வெடிமருந்தைக் கும்பிட்டவன்னு ஊர்ல பேராயிடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவா?

என்ன சொன்னீங்க? கேக்கல. ஓ. ஆமா... அதை நானும் யோசிக்காம இல்ல மீரான். நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் அது சிரிக்கற விஷயம் இல்ல. வெங்கடாசலம் வாங்கி அடுக்கினா ஹாபி, ஃபயர்மேன் தரையில உக்காந்து பெட்டி டிசைன் கேப்பாரு. மீரான் மைதீன் அதே வீட்டு மாடியில தூங்கினாலே டிவிக்காரன் வாசல்ல வந்து நிப்பான். நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நெஜம். அதனாலதான் எல்லாத்தையும் உக்கார வெச்சுச் சொல்றேன். வேண்டாம்னு நீங்க போனா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். முறுக்கை மட்டும் கட்டித் தருவேன்.

ஒரு வாரம் இருந்து பாக்கறீங்களா? சரி. நானும் கல்யாணமான புதுசுல அப்படித்தான் நெனச்சேன். முப்பது வருஷம் ஆகப் போகுது.

எங்க பொண்ணு சான் ரமோன்ல இருக்கா, நாலு மணி நேர ஃப்ளைட். அஞ்சனா. பையன் பொறந்து பத்து மாசம். போன மாசம் தவழ ஆரம்பிச்சுட்டான். மொட்டை போடணும், காது குத்தணும், தாத்தா மடியில உக்காத்தி வெச்சு. இங்க வாடின்னேன். கொலு வீடியோவை எவளோ இன்ஸ்டாகிராம்ல போட்டு, அது அவ வரைக்கும் போய்டுச்சு. நாட் ஹாப்பனிங், அம்மாங்கறா. தவழற புள்ளையைத் தூக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னுட்டா. அப்பா, பவுடர் ஆர் பேபின்னு நேராவே கேட்டா. இவரு என்ன சொன்னாருன்னு நெனக்கறீங்க? அது என்ன ஆர், அண்ட்னு சொல்லு, ரெண்டும் இருக்கட்டும்னாரு. ஃபயர்மேனே சேஃப்னு சொல்லிட்டாரு, நீ என்ன ஃபயர்மேனைவிட பெரிய ஆளான்னாரு. அவ ஃபோனை வெச்சுட்டா.

சரி, நாம அங்க போலாம்னேன். சம்மர்ல கரண்ட் போகும், நான் எப்படி விட்டுட்டு வர்றதுங்கறாரு. விண்டர்ல போலாம்னா ஐஸ் ஸ்டார்ம். ரெண்டு நாளைக்கு வாங்கன்னா, ஜாஸ்தி இருக்கற மருந்தை க்ளப்புக்குக் குடுத்ததும் வர்றேன்னாரு. சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த வாரமே குமாரசாமி குரூப்புல, மறுபடி ஷார்ட்டேஜ் வரப்போகுதாம்னு ஒண்ணைப் போட்டாரு. ரெண்டு பெட்டி புதுசா வந்து எறங்குச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அவரு துப்பாக்கியைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு. ஃப்ரோஸன் ஷோல்டர். வலது கை தோளுக்கு மேல எழும்பாது. சட்டை பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். இப்பக்கூட பிசியோதெரபிக்குத்தான் போயிருக்காரு. அங்க போய் எதுக்குக் கை சரியாகணும்னு கேட்டா என்ன சொல்லுவாரு சொல்லுங்க. மத்தவங்கன்னா பேரனைத் தூக்கணும்னு சொல்லுவாங்க.

கெட்டவரு இல்ல மீரான். ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. குடி இல்ல. அவரோட சேந்து நீங்க நல்லா சாப்பிடலாம், ரசம் அருமையா வெப்பாரு. பயம்தான். எது வந்துடுமோ, எது தீந்துடுமோ. எல்லாத்தையும் வாங்கி அடுக்கி வெச்சுட்டா எதுவும் போகாதுன்னு நெனக்கறாரு.

வாங்க, மேல போலாம், ரூமைக் காட்டறேன். படி கொஞ்சம் செங்குத்து. இந்தப் பக்கம். இதான். ஜன்னல்லேர்ந்து அந்த ஏரி தெரியும் பாருங்க. பெட்ஷீட் புதுசு. க்ளோஸெட்டை நேத்தே காலி பண்ணிட்டேன், ஹேங்கரெல்லாம் உங்களுக்குத்தான். பாத்ரூம் தனி. வைஃபை பாஸ்வேர்டு கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்கேன்.

யாரோட ரூமா? அஞ்சனாவோடதுதான் மொதல்ல. அப்புறம் ஒரு வருஷமா நான்தான் இருந்தேன்.

மூலையில இருக்கற என் ரெண்டு சூட்கேஸையும் கீழ எறக்க ஒரு கை குடுக்கறீங்களா? பெருசை நீங்க எடுங்க, சின்னது நான் பாத்துக்கறேன். ஆறு மணி ஃப்ளைட். ஓக்லாண்டுல எறங்கினா அஞ்சனா வீடு பக்கம். இல்ல, ஒன் வேதான். ரிட்டர்ன் போடல. அஞ்சனாவுக்கு லீவு முடியுது, டேகேர்ல எடம் கெடைக்கல, நான் போனா அவ வேலைக்குப் போலாம். எவ்ளோ நாள்னு தெரியல. தெரிஞ்சா டிக்கெட் போட்டிருப்பேனே.

அவருக்கா? இன்னும் தெரியாது. சொல்லலாம்னு மூணு தடவை ஆரம்பிச்சேன். மாடி ரூமை வாடகைக்கு விடப் போறேன்னு சொன்னேன், சரின்னாரு. அப்ப நீ எங்க படுப்பன்னு கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்.

நீங்க பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம். வந்தாருன்னா, அக்கா சான் ரமோன் போய்ட்டாங்கன்னு சொல்லுங்க, போதும். எப்ப வருவான்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேட்டா, அவங்களைத்தான் கேக்கணும்னு சொல்லுங்க. கோவப்பட்டா ஒண்ணும் பேசாம மேல வந்துடுங்க, அரை மணியில அடங்கிடும். சாப்பிட்டுப் போனாளான்னு கேட்டாருன்னா மட்டும் எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. போர்டிங் ஆனதுக்கப்புறமா இருந்தாலும் பண்ணுங்க.

ஊபர்தான், ஹாரன் அடிக்கறான். படி பாத்து எறங்குங்க.